மேகம் நுழையும் சர்ச்சிலிருந்து

ஏற்காடு
பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய், இரவு

என் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ஒன்பது நாளாகிவிட்டது. "அப்பா கோபமா இருக்காரா" என்று தம்பியிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. போனில் ஆரம்பித்தால் சாப்பிட்டாயா, குளிர் விட்டதா என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நீ கேட்டதற்கு உட்கார்ந்து யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும். எஸ்டேட் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த பழைய பேரேட்டில் எழுதாத தாள் நிறைய இருக்கிறது. அதில் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். கையெழுத்து புரியாவிட்டால் அவனைத் திட்டாதே.

முதலில் வீட்டுச் சேதி. காப்பி பூத்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் ஒரு நல்ல மழை பிடித்தது. நேற்றுக் காலை கதவைத் திறந்தால் சரிவு முழுக்க வெள்ளை. அம்மா இருந்திருந்தால் "மல்லியோட சித்தி மக" என்று ஆரம்பித்திருப்பாள். நாளை மறுநாளுக்குள் பழுப்பாகிவிடும், அதற்குள் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கீழ்வீட்டு வேலியைக் காட்டெருமை தள்ளிவிட்டுப் போய்விட்டது. எனக்கு முழங்கால் வலி மட்டும்தான், மற்றபடி சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைட் ஷிப்டுக்குப் போகிற வழியில் லைப்சிக் தோமா ஆலயத்துக்குள் சும்மா நுழைந்ததாகச் சொன்னாய். பையன்கள் பாடினார்கள். அதில் ஒரு பாட்டின் மெட்டு தெரிந்த மெட்டாக இருந்தது. அவர்கள் ஜெர்மனில் பாடப் பாட, உன் வாயில் "இரத்தம் காயம் குத்தும்" என்று தமிழ் வந்தது. அழுதுவிட்டாய். பக்கத்தில் இருந்த கிழவியம்மாள் டிஷ்யூ கொடுத்தாள். அப்புறம் நீ சொன்னதை நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்: "அப்பா, அம்மா போனதிலிருந்து எனக்கு ஜெபமே வரலை. நம்பிக்கை இருக்கான்னே தெரியலை. நம்பாத ஒருத்தி அந்தப் பாட்டுக்கு அழுதா அது நடிப்புதானே?"

சிரிக்காமல் கேள். அப்போஸ்தலர்களிலேயே சந்தேகப்பட்டவர் என்று பேர் வாங்கியவர் தோமா. அவர் பேரில் கட்டின சர்ச்சில் போய் உட்கார்ந்து நீ சந்தேகப்படுகிறாய். அதைவிடப் பொருத்தமான இடம் உனக்கு எங்கே கிடைக்கும்?

அந்த மெட்டின் கதையை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். முதலில் அது சர்ச் பாட்டே இல்லை. 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் வெளியிட்ட காதல் பாட்டு. ஒரு பெண்ணை நினைத்து மனசு குழம்பிப்போன ஒருவன் பாடுவது. பிறகு ஒரு சாவுப் பாட்டுக்கு அந்த மெட்டை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் 1656இல் பால் கெர்ஹார்ட் என்ற போதகர், முள்முடி சூட்டிய தலையைப் பார்த்துப் பாடுகிற ஒரு பழைய லத்தீன் பாட்டை ஜெர்மனில் எழுதினார். அந்த வார்த்தைகள் இந்த மெட்டில் போய் உட்கார்ந்தன. கெர்ஹார்டுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். மனைவியும் அவருக்கு முன்னால் போனாள். அப்படிப்பட்ட கை எழுதினது.

அது நம் மலைக்கு எப்படி வந்தது? உன் ஊருக்குப் பக்கத்தில் ஹாலே இருக்கிறதல்லவா, நீ ஒரு தடவை ரயிலில் போய் வந்ததாகச் சொன்னாய். அங்கே படித்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நீ நுழைந்த தோமா ஆலயத்தில் பின்னாளில் இசை நடத்தின பாக்குக்கு அப்போது இருபத்தொரு வயசு. சீகன்பால்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். மெட்டை மாற்றவில்லை. ஆகவே பாக் லைப்சிக்கில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மெட்டுகளை நம் ஆட்கள் தரங்கம்பாடிக் கடற்கரையில் வியர்க்க வியர்க்கப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அல்லேலூயா கோரஸ் எழுதின ஹேண்டல் பிறந்ததும் அந்த ஹாலேயில்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

அந்தப் பாமாலைப் பாட்டுகளை வைத்து எனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். அவள் தஞ்சாவூர்க்காரி. கீர்த்தனை பாடினால்தான் பாட்டு என்பாள். "உங்க பாமாலை நாலு கால் மேஜை மாதிரி, வெச்ச இடத்துல நிக்கும்" என்பாள். நான் "உன் கீர்த்தனை ஆற்றுத் தண்ணி மாதிரி, எங்கே போய் நிற்கும்னு பாடறவளுக்கே தெரியாது" என்பேன். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதின தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் என்றால் அவளுக்கு உயிர். சாஸ்திரியாரும் சரபோஜி மன்னரும் மிஷனரி சுவார்ட்சு ஐயரிடம் ஒன்றாக வளர்ந்தவர்கள். பின்னாளில் மன்னர் ஒரு குறவஞ்சிக்குப் பிள்ளையார் துதி எழுதச் சொல்ல, சாஸ்திரியார் மாட்டேன் என்று "இயேசுவையே துதிசெய்" பாடினார் என்பது தஞ்சாவூர்க் கிறிஸ்தவ வீடுகளில் சொல்கிற கதை. அதே சரபோஜி அழைத்தபோதுதான் பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜர் வரமாட்டேன் என்று "நிதி சால சுகமா" பாடினார் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அம்மா இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "பாவம் அந்த ராஜா, யாரைக் கூப்பிட்டாலும் பாட்டிலேயே இல்லைன்னுட்டாங்க" என்று முடிப்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பு. சரி, விடு.

உன்னுடைய பாக்குக்கு வருவோம். பத்து வயசு நிறைவதற்குள் தாயையும் தகப்பனையும் இழந்தவர் அவர். இரண்டு மனைவிகளிடம் பிறந்த இருபது பிள்ளைகளில் பத்துப் பேர்தான் பெரியவர்களானார்கள். எத்தனை சின்னச் சவப்பெட்டிகள் அந்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்கும், யோசித்துப் பார். ஒன்றை மட்டும் உனக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். 1720இல் அவர் வேலை பார்த்த இளவரசரோடு கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது முதல் மனைவி இல்லை. இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. போகும்போது நன்றாக இருந்தவள். பெண்டாட்டி முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அம்மா போய் மூன்றாம் நாள்தான் நீ வந்து சேர்ந்தாய். உனக்காகக் காத்திருக்கலாம் என்று தம்பி சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். அடைமழை, மலை ரோட்டில் ஒரு இடத்தில் மண் சரிந்திருந்தது, ஃப்ரீசர் பெட்டியில் அவளை வைத்துக்கொண்டு கரண்ட் போகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதற்கு நீ இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தப்புதான் கண்ணு. இரண்டு வருஷமாக மனசில் கிடந்ததை எழுதிவிட்டேன்.

அன்று சர்ச்சில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடக்க ஆராதனைக்கு நானே ஆர்மோனியம் வாசிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நாற்பது வருஷமாக அந்தக் காலால் மிதிக்கிற பெட்டி என் பெட்டி. அவளுக்காக வேறு ஆள் வாசிப்பதா? அவள் கேட்டிருந்த கீர்த்தனையை முதலில் வாசித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் "இரத்தம் காயம்". இரண்டு சரணம் சரியாகப் போனது. மூன்றாவதில் கால் நின்றுவிட்டது. கை கட்டைமேல்தான் இருக்கிறது, ஆனால் மிதிக்கவில்லை. காற்று இல்லை, பெட்டி ஊமையாகிவிட்டது. சபை நிற்கவில்லை. காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், ஸ்கூல் டீச்சர்கள், முன்வரிசையில் காது கேட்காத நம் பழைய டிரைவர், எல்லோரும் பாட்டைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது சரணத்தில் எனக்குக் கால் வந்தது. மிதித்துக் கட்டையைத் தொட்டால் சுருதி சேரவில்லை! துணை இல்லாமல் பாடினதில் சபை அரை ஸ்வரம் இறங்கிப்போயிருந்தது. பெட்டியை விட்டுவிட்டு நானும் வாயைத் திறந்து அவர்களோடு இறங்கின சுருதியிலேயே பாடினேன். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. அந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது காது கேட்காத டிரைவரும் மற்றவர்களும்தான்.

நீ கேட்ட "நடிப்பா" என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். அந்தப் பாட்டு உன் ஒருத்தியின் நெஞ்சிலிருந்து வர வேண்டியது இல்லை. ஒரு சரணம் உன்னால் முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் பாடுவார். உனக்கு டிஷ்யூ கொடுத்தாளே, அவள் பாடிக்கொண்டுதானே கொடுத்தாள்?

பாக்கின் மத்தேயு பாஸ்யனை முழுதாகக் கேள், மத்தேயு எழுதின சிலுவைப்பாடுகளை அவர் இசையாக்கினது. 1727ஆம் வருஷம் பெரிய வெள்ளியன்று நீ நுழைந்த அதே சர்ச்சில்தான் முதலில் பாடியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் ஆகும், உனக்கு லீவு நாளாகப் பார்த்துக் கேள். நம் மெட்டு அதில் ஐந்து தடவை வருகிறது. முதல் இரண்டு தடவை சுருதி மட்டும் அரை ஸ்வரம் இறங்கும், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அடியில் வருகிற ஸ்வரங்களை மாற்றியிருக்கிறார். மேலே அதே பாட்டு, கீழே தரை மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இயேசு பேசுகிற இடமெல்லாம் வயலின்கள் மெல்ல நீட்டி வாசித்து அவர் குரலைச் சுற்றி ஒரு வெளிச்சம் மாதிரி நிற்கும். படங்களில் தலைக்குப் பின்னால் வட்டம் போடுவார்களே, அதுபோல. சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்கிற இடத்தில் மட்டும் அந்த வயலின்கள் இல்லை. குரல் தனியாக நிற்கிறது. கவனிக்காமல் கேட்டால் ஒன்றும் தெரியாது. கவனித்துவிட்டால் அப்புறம் காதைவிட்டுப் போகாது. அவர் உயிர் விட்டதும் அடுத்தது நம் மெட்டு, ஐந்தாவதும் கடைசியுமான தடவை. "நான் ஒருநாள் விடைபெறும்போது நீர் என்னைவிட்டு விலகாதேயும்" என்பது அதன் பொருள். நீ அங்கே ஆஸ்பத்திரியில் ராத்திரி வேளையில் எத்தனை பேருக்குக் கைப்பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய், அவர்கள் ஊர்ப் பாட்டு அது. பாதிப் பேருக்கு வார்த்தை மறந்திருக்கலாம், மெட்டு தெரிந்திருக்கும்.

தேவன் மேல் உறுதி இல்லாத ஒருவரால் அந்த வயலின்களை நிறுத்தியிருக்க முடியாது என்பது என் எண்ணம். பயந்தவராக இருந்தால் கைவிட்ட இடத்தைச் சர்க்கரை போட்டு மூடியிருப்பார். அடக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் எனக்கு அதைத்தான் செய்தார்கள். "தேவனுக்கு அங்கே ஒரு நல்ல குரல் தேவைப்பட்டது" என்றார் ஒருவர். தேவனுக்குக் குரல் பஞ்சமா? நான் பேசாமல் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைத்தது சேலத்தில் டயாலிசிஸ் போய் வந்த காலத்தில். வாரம் இரண்டு நாள், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நாலு மணி நேரம் வெளி ஹாலில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்னைவிட வயசான ஒருவர், ஓய்வு பெற்ற ஓதுவார். அவர் சம்சாரமும் அதே நாளில் மெஷினுக்கு வருவார். மனுஷன் வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே இருப்பார். மூன்றாவது வாரம் கேட்டுவிட்டேன். "நீங்க வேதக்காரரா? பரவால்ல, கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

திருநாவுக்கரசர் சமண மடத்தில் தருமசேனர் என்று பெரிய ஆளாக இருந்தவர். வயிற்றில் சூலை நோய் வந்து எந்த வைத்தியத்துக்கும் கேட்காமல், தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தார். திருவதிகையில் நின்று பாடின முதல் பதிகம் "கூற்றாயினவாறு விலக்ககலீர்". எமன் மாதிரி வந்திருக்கிற இதை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று எடுத்த எடுப்பில் சண்டை. "குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்" என்று வருகிறது, குடலைக் கட்டி முடக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று. ஓதுவார் அந்த இடத்தில் தன் வயிற்றைப் பிடித்துக் காட்டினார். "சாமிகிட்ட மனுப் போடுற மாதிரி இல்ல, வாசல்ல நின்னு சத்தம் போடுற மாதிரி" என்றார். அதன் பண் கொல்லி. கொல்லிமலைப் பக்கத்துக்காரனுக்கு அந்தப் பெயரே பாதி ஈர்த்துவிடும். கச்சேரிக்காரர்கள் அதை நவரோஜ் என்பார்கள் என்றார். கேட்டால் தாலாட்டுபோல இருக்கிறது கண்ணு. வார்த்தை குடலைப் பிடுங்குகிறது, பண் தொட்டில் ஆட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில். எனக்கு அங்கே உட்கார்ந்தபடியே பாஸ்யனின் கடைசிப் பாட்டு நினைவுக்கு வந்தது. கல்லறை வாசலில் கண்ணீரோடு உட்கார்ந்து "இளைப்பாறும், இளைப்பாறும்" என்று பாடுவது. அதுவும் தொட்டில் பாட்டு மாதிரிதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளும், ஜெர்மனிக்கார ஆளும், ஒருவரை ஒருவர் கேள்விப்படாதவர்கள், வேறு வேறு சாமி.

பின்னாளில் அப்பரை நீற்றறையில் போட்டபோது "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாடினார் என்பது எல்லோருக்கும் தெரியும். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டிச் சுடுகிற சூளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சூட்டில் ஒருவர் வீணையும் நிலாவும் வண்டு முரலும் பொய்கையும் பேசினார் என்றால் நம் பக்கத்து ஆளுக்கு அது வெறும் புராணமாகத் தோன்றாது, உடம்புக்கே உறைக்கும். ஓதுவார் சம்சாரம் மாசி மாதம் தவறிவிட்டார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. அம்மா அவருக்கு அரைக் கிலோ காப்பித்தூள் எடுத்து வைத்திருந்தாள், அது கொடுக்கப்படாமலேயே கிடந்தது.

இப்போது நீ உன் நர்ஸ் மூளையோடு கேட்பாய், "பாட்டு குணமாக்குமா அப்பா?" என்று. முத்துசுவாமி தீட்சிதர் சீடனின் வயிற்று வலிக்காகக் குரு பகவான் மேல் கிருதி பாடினார், வலி போனது என்பார்கள். இருக்கட்டும். அந்த ராகம் இந்த நோய்க்கு என்று வாட்ஸாப்பில் தினம் ஒன்று வருகிறது, எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அம்மா படுக்கையில் இருந்தபோது சின்ன ஆர்மோனியத்தில் எத்தனை நாள் வாசித்தேன், கிரியேட்டினின் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஆனால் ஒன்று. வாசித்த நாட்களில் அவள் என்னிடம் "இந்தச் சரணத்துல அவசரப்படறீங்க" என்று குறை சொல்வாள். வாசிக்காத நாளில் ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஹேண்டலிடம் வருவதாகச் சொன்னேன். மெசாயாவை 1741இல் இருபத்து நாலு நாளில் எழுதினார், டப்ளினில் முதல் கச்சேரிப் பணத்தில் ஒரு பங்கு கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்கப் போனது என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அல்லேலூயா கோரஸை நானும் முப்பது கிறிஸ்துமஸ் வாசித்திருக்கிறேன், சலிக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமாக எனக்கு நெருக்கமாகிவிட்டது யெப்தா என்ற அவருடைய இன்னொரு படைப்பு. 1751 பிப்ரவரியில் அதை எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு கோரஸ் நடுவில் நிறுத்துகிறார். இடது கண் மங்கிப்போனதால் மேலே எழுத முடியவில்லை என்று அந்தத் தாளிலேயே ஜெர்மனில் குறித்து வைக்கிறார். அவர் நிறுத்தின கோரஸ் என்ன தெரியுமா? "கர்த்தாவே, உம்முடைய தீர்மானங்கள் எவ்வளவு இருளானவை" என்பது. பத்து நாள் கழித்துக் கண் கொஞ்சம் தெளிந்ததும் திரும்ப எழுத உட்கார்ந்தார். பிறகு பார்வை முழுதாகவே போயிற்று. அந்தப் பத்து நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உன் மாநிலத்தில் கோர்லிட்ஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது, போலந்து எல்லையில். அங்கேயிருந்த கைதிகள் முகாமில்தான் மெசியான் என்ற பிரெஞ்சுக்காரர் 1941 ஜனவரியில் "காலத்தின் முடிவுக்காக" என்று தலைப்பிட்ட, நாலு பேர் வாசிக்கிற ஒன்றைப் பனியில் விறைத்துக்கொண்டிருந்த சக கைதிகளுக்கு வாசித்துக் காட்டினார். "இனி காலம் செல்லாது" என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் தூதன் சொல்வதை வைத்து எழுதினது. முதலில் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை, சுருதி இல்லாத பெட்டி மாதிரி இருந்தது. டயாலிசிஸ் ஹாலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தவனுக்குத் தலைப்பு மட்டும் உடனே புரிந்தது. நீ கேட்டுப் பார், உன் காது இளசு.

கடைசியாக ஒன்று. பாக் வைத்திருந்த வேதாகமம் இன்னும் இருக்கிறது. 1733 என்று வருஷம் போட்டுத் தன் பெயரைக் குறித்திருக்கிறார். ஓரங்களில் தன் கையால் எழுதிய குறிப்புகள். சாலொமோன் கட்டின ஆலயத்தில் எக்காளக்காரரும் பாடகரும் ஒரே குரலாகப் பாடினபோது ஆலயம் மேகத்தால் நிறைந்தது என்று இரண்டாம் நாளாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் வருமே, அந்த இடத்துக்கு நேரே, பக்தியோடு செய்கிற இசையில் தேவன் எப்போதும் தம் கிருபையோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். தாள்களில் பாட்டு எழுதத் தொடங்கும் முன் "இயேசுவே உதவும்" என்பதன் இரண்டு எழுத்து, முடித்ததும் "தேவனுக்கே மகிமை" என்பதன் மூன்று எழுத்து. நம் எஸ்டேட் கணக்கில் பெரியவர் பிள்ளையார் சுழி போட்டுத்தானே வரவு எழுதுவார், அப்படி.

மேகம் ஆலயத்தை நிறைத்தது என்பதை சமவெளிக்காரர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ தெரியாது, நமக்கு அது வாராவாரம் நடக்கிற சங்கதி. ஜூன் ஜூலையில் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் முதல் பாட்டு முடிவதற்குள் வெள்ளையாக உள்ளே வந்து பீடம் மறைந்துவிடும். நீ சின்னப் பிள்ளையில் "சாமி வந்துட்டாரா" என்று சத்தமாகக் கேட்டுச் சபையே சிரித்தது. அம்மா உன் வாயைப் பொத்தினாள். அவளை அடக்கம் செய்த அன்றும் அப்படித்தான் வந்தது. நான் கால் மிதிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு சரணத்தில் எனக்கு எதிரே யாரும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அதே "இரத்தம் காயம்" மெட்டை பாக் கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோவிலும் வைத்திருக்கிறார். பிறக்கப்போகிற பிள்ளையை எப்படி வரவேற்பேன் என்பதற்கு அந்த மெட்டு. கடைசியில் எக்காளங்கள் முழங்க எல்லாம் வென்று முடிகிற இடத்துக்கும் அந்த மெட்டு. எனக்கு அறுபத்தெட்டு வயசில்தான் இதைக் கவனிக்க முடிந்தது. நீ முதலில் பாஸ்யனைக் கேள். அதை டிசம்பருக்கு வைத்துக்கொள்.

பெரிய வெள்ளியன்று இங்கே மும்மணி ஆராதனை பகல் பன்னிரண்டுக்கு ஆரம்பம். உனக்குக் காலை எட்டரை. நைட் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்திருப்பாய். சிலுவையின் நாலாம் வார்த்தைக்கு, அந்த "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதற்கு, முன்னால் "இரத்தம் காயம்" என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். தம்பி போனை ஆர்மோனியத்துமேல் வைத்து உனக்குக் கால் போடுவான். பாட வேண்டும் என்றில்லை, தூக்கம் வந்தால் தூங்கு. போனை மட்டும் வைக்காதே. மேல் ரிஷபக் கட்டை ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் செய்கிற மாதிரி ராத்திரி பெட்டிக்குள் பல்பு எரியவிட்டுப் பார்த்தேன், இன்னும் சரியாகவில்லை. நீ கேட்கும்போது அந்த இடத்தில் ஒரு ஸ்வரம் விட்டுப்போகும். அதை வைத்து அப்பாதான் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்.

புதுத்தூள் இரண்டு கிலோ அரைத்து வைத்திருக்கிறேன். உன் கூட வேலை பார்க்கிற பெண் மே மாதம் ஊருக்கு வந்தால் சொல், கொடுத்து அனுப்புகிறேன். ஓதுவாருக்கு அம்மா எடுத்து வைத்த டப்பா அப்படியே அலமாரியில் இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

அப்பா